நீ அசைக்காத கயிறு

மச்சான்,

வாடைக்காற்றோடு மூன்று நாளாக மழை. முகட்டு வளையில் சொருகி வைத்திருக்கும் உன் கயிறு ஈரம் குடித்து மணக்கத் தொடங்கிவிட்டது. நனைந்த தென்னந்தும்பின் மணம் எனக்குப் புதிதா? இந்தக் கரையில் எந்த வீட்டில் அந்த மணம் இல்லை? இது அதுவல்ல. தும்பு மணத்துக்கு அடியில், புளி கருகினது போல ஒரு இனிப்பு வாடை. அந்த நாற்பது நாளும் உன் வியர்வையில் வந்த வாடை. இத்தனை வருஷம் காய்ந்து கிடந்த கயிற்றுக்குள் அது எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்து இதை எழுதுகிறேன். நல்ல பகல் வெளிச்சம்தான். ஆனாலும் உள்ளே போக மனம் வரவில்லை.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். என் தங்கச்சி, உன் பெண்சாதி, படுத்த படுக்கையாகிவிட்டாள். நேற்றுப் பங்குச் சுவாமி வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். பாலன் பிறப்புத் திருநாள் வரைக்கும் தாங்காது என்று அயல் முழுக்கப் பேசுகிறது. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். வாசல் மிதிக்க எனக்கு அனுமதி இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும், தெரியாமலும் இருக்கும். அவள் உன்னிடம் வந்து சேர்ந்த உடனே ஒன்று கேட்பாள். அதற்கு நீ என்ன சொல்லப் போகிறாய் என்பதுதான் என் கவலை. செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறவனைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். சிரி. சிரித்து முடித்துவிட்டுக் கவனமாகக் கேள்.

நீ கடலடிக்கு முங்குகிற குளிகாரன், நான் உனக்குக் கயிறு பிடிக்கிறவன். கடலடியில் நிற்கிறவனுடைய கயிற்றை அவன் பெண்சாதியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது நம்முடைய வழக்கம். வேறு ஆர் பிடித்தாலும் கண் அயரலாம். தன் தங்கச்சி தாலி அறுக்க எவன் விடுவான்? "நல்ல கயிறுகாரன் வேணுமெண்டுதான் இவளைக் கட்டினனான்" என்று நீ அவளைச் சீண்டுவாய். "அப்ப கயிறையே கட்டியிருக்கலாமே, சோறும் மிச்சம்" என்பாள் அவள். சங்கு குளிப்புக்குப் போன அத்தனை வருஷமும் நமக்குள் இரண்டே சட்டம். நீ அசைத்தால் நான் இழுப்பேன், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டேன். நீ அசைக்காவிட்டால் இழுக்கமாட்டேன். ஒருமுறை அவசரப்பட்டுத் தூக்கி, பாறை இடுக்கில் இருந்த உன் விரல் நகம் உரிந்து வந்தது. "கேக்காமத் தூக்கிறதுக்கு நான் என்ன மீனோ?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீ. அன்றிலிருந்து அந்தச் சட்டத்தை நான் மீறவே இல்லை. நேரம் பார்க்க என்னிடம் மணிக்கூடு ஏது? நீ இறங்கியதும் அருள்நிறை மரியே மந்திரத்தைச் சொல்லத் தொடங்குவேன். நாலாவது மந்திரம் முடியும்போது கயிறு வெட்டி இழுக்கும். ஒரு வெட்டு, ஒரு நீள இழுவை. ஆயிரம் பேர் அசைத்தாலும் உன் அசைப்பை நான் கண்டுபிடிப்பேன்.

அபின் எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். காதில் இரத்தம் வந்த வருஷம், குளிர் நெஞ்சில் பிடித்த வருஷம், சங்கு வியாபாரி ஒருவர் மிளகளவு உருண்டையைத் தந்து நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். குத்து நின்றது. பிறகு குத்து இல்லாத நாளும் வைத்தாய். அரசாங்கம் கணக்கெடுத்து அபின்காரருக்கெல்லாம் துண்டுச் சீட்டு கொடுத்தபோது உன் பெயரும் பதிவாகிவிட்டது. சனிக்கிழமை சனிக்கிழமை டிஸ்பென்சரி வாசலில் துண்டோடு நிற்பாய். களவு இல்லை, ஒளிப்பு இல்லை, ராசாவின் முத்திரை குத்திய அபின். அதுதான் தங்கச்சிக்கு ஆத்திரம். ஒருநாள் உன்னோடு கூடவே வந்து, அபின் நிறுத்துக் கொடுக்கிற அப்போதிக்கரியிடமே கேட்டாள்.

"ஐயா, இதை விடவைக்கிறதுக்கு என்ன மருந்து? அதுக்கு எங்க போகவேணும்?"

அவர் நல்ல மனுஷன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தங்கச்சி, நிறுத்துக் குடுக்கத்தான் எனக்கு அதிகாரம். நிப்பாட்டுறதுக்கு இஞ்ச ஒண்டும் இல்லை. கொழும்பில கேட்டுப் பாக்கலாம். ஊர் விதானையாரிட்ட ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோருக்குப் போங்கோ."

விதானையார் கடிதம் தந்தார். கந்தோரில் இருந்த கிளாக்கர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்ன நோய், என்ன வருத்தம் என்று கேட்டார். அபின் என்றாள். அது வருத்தத்தில் சேராது என்றார். அடுத்த முறை போனபோது பைத்தியம் என்று எழுதட்டோ என்று கேட்டார். கொழும்புக்குப் போக்குவரத்துச் செலவு, கூட நிற்க ஒரு ஆள், ஆஸ்பத்திரிக்கு முன்பணம் என்று மூன்றாம் முறை ஒரு பட்டியல் சொன்னார். அவள் பட்டியலைக் கேட்டு முடித்துவிட்டு, "வாங்கிறதுக்கு ஒரு துண்டு காணும், விடுறதுக்கு இவ்வளவோ?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள். நீ முற்றத்தில் உட்கார்ந்து, கண் பாதி மூடி, ஒன்றும் கேளாதது போல் இருந்தாய். எனக்கு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது.

கருவாட்டுக்கு நெல் மாற்ற வருகிற உயிலங்குளத்து வண்டிக்காரன்தான் நாட்டு வைத்தியம் செய்கிற ஒரு பரிசாரியாரைப் பற்றிச் சொன்னான். முஸ்லிம் பெரியவர். முருங்கனுக்கு அப்பால் ஒரு குளத்தடியில் இருக்கிறார், காசு வாங்கமாட்டார் என்றான். காசு வாங்காதவர் எதை வாங்குவாரோ என்று நான் அப்போதே யோசித்தேன். ரயிலில் போய் முருங்கனில் இறங்கி, மூன்று பேரும் வயல் வரம்பால் நடந்தோம். நீ கால் வைத்து அடிக்கு இறங்குகிற குளிகல்லை நான் தோளில் சுமந்து வந்தேன். நோயாளி பிழைப்புக்கு எதைப் பிடிக்கிறாரோ அதைக் கொண்டு வரவேண்டும் என்று வண்டிக்காரன் சொல்லியிருந்தான்.

அந்த அறையை நீ மறந்திருக்க மாட்டாய். கள்ளுச் சீவல்காரரின் கத்திகள், தளைநார்கள், வண்டிக்காரரின் சவுக்குகள், ஒரு தச்சனுடைய உளி, துடுப்புகள், யாரோ ஒரு தையல்காரனின் கத்தரிக்கோல். சுவர் முழுக்கச் சார்த்தியும் தொங்கவிட்டும் இருந்தன. சுகமானவர் வந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டு போவாராம். எடுக்க வராதவர்களுடையவைதான் நாம் பார்த்தவை. அத்தனையும் துடைத்து எண்ணெய் பூசி, நாளைக்கே வேலைக்குப் போவது போல இருந்தன. ஆட்கள் வரிசையாக நின்று நம்மைப் பார்ப்பது போல இருந்தது. உன் கல்லை அவர் ஒரு மூலையில் வைத்தார். கடலுக்கு எவ்வளவோ தூரத்தில், காய்ந்த மண் தரையில், ஒவ்வொரு காலையும் அந்தக் கல்லுக்குக் கீழே ஈரம் இருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

"கல்லு பிணைக்கு. கூலிக்கு வீட்டுப் பொம்பிளை நாப்பது நாள் என்ர வயலில நிக்கவேணும்" என்றார் பரிசாரியார். தங்கச்சி அப்போதே சேலையைத் தூக்கிச் செருகினாள். கடற்கரையில் பிறந்து, முழங்கால் சேற்றை வாழ்நாளில் கண்டிராதவள். அட்டை கடித்த காலில் சாம்பலைப் பூசிக்கொண்டு அடுத்த நாளும் இறங்கினாள். களை பிடுங்கிக் கை வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் தின்றாள். "இவர் எழும்பட்டும், இவரைக் கொண்டே நாத்து நடுவிக்கிறன்" என்று அதற்குள்ளும் ஒரு பகிடி. உனக்காக என்ன கொடுக்கப்பட்டது என்று நீ தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்.

பிறகு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "கடலில இவற்ற உயிரை ஆர் பிடிக்கிறது?"

"நான்தான்."

"அப்ப இஞ்சயும் நீங்களே பிடியுங்கோ."

மண்சுவர்க் குடில் ஒன்றில் உன்னை விட்டு, கடலில் கட்டுகிற அதே கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைச் சுவர் ஓட்டையால் வெளியே விட்டு என் கையில் தந்தார். உன்னிடம் சொன்னார்: "தாங்க ஏலாமல் வந்தால் அசையுங்கோ. அந்தப் பக்கம் ஆள் இருக்குது. ஆனா ஒருத்தரும் வரமாட்டினம். கயிறைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ, அது கடந்து போகும்." என்னிடம் சொன்னார்: "கயிறு தளரவும்படாது, நீங்கள் உள்ளுக்குப் போகவும்படாது."

காலையும் மாலையும் அவரே உருண்டை கொடுத்தார், நாளுக்கு நாள் சின்னதாக்கி. மிச்ச நேரம் முழுக்க நீயும் நானும் கயிறும்தான். முதல் கிழமை நீ அசைத்த அசைப்பில் என் உள்ளங்கை பிய்ந்தது. ஒவ்வொரு அசைப்புக்கும் என் உடம்பு தானாக எழுந்தது. இத்தனை வருஷம் பழகின கை, எழாமல் இருக்குமா? வேலித் தடியைக் காலால் பின்னிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே நீ "மச்சான், இழு, இழு" என்று கத்தினாய். என் பெயரைச் சொன்னாய், என் செத்த தாயின் பெயரைச் சொன்னாய். நான் இழுக்கவில்லை. என் ஆயுளில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான்.

இனி, உன்னிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்று. இருபத்தைந்தாம் நாள் உச்சிப்பொழுதில் பரிசாரியார் உன்னைக் குளத்துக்குக் குளிக்கக் கூட்டிப் போனார். முடிச்சை அவிழ்த்துக் கயிற்று நுனியைப் பாயில் போட்டுவிட்டுத்தான் போனார், நான் பார்த்தேன். என்னைத் தாண்டிப் போகும்போது நீ நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாய். வயலில் தங்கச்சியின் முதுகு தெரிந்தது. காற்று இல்லை. மடியில் கயிறு கிடந்தது. அது வெட்டியது. ஒரு வெட்டு, ஒரு நீள இழுவை. உன் அசைப்பு. ஓட்டையால் உள்ளே பார்த்தேன். பாய், தண்ணீர்ப் பானை, பாயின் மேலே கயிற்று நுனி. நுனி பாயை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி விறைத்து நின்றது. பிடித்திருக்க அங்கே ஒருவரும் இல்லை. மறுபடி வெட்டியது. மறுபடி.

நீங்கள் திரும்பி வந்ததும் பெரியவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "இத்தனை வருஷம் அவரோட இருந்த அபின், சொன்ன உடன போகுமோ? இனி அதுவும் அசைக்கும். ஆர் அசைக்கிறதெண்டு பாக்காதேங்கோ, தம்பி. பிடிச்சுக்கொண்டு இருங்கோ" என்றார். அன்றிலிருந்து எது நீ, எது அது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இரண்டுக்கும் ஒரே கை. எதற்கும் எழாமல் இருக்கப் பழகினேன். நீயும் பழகினாய். அசைப்புகள் குறைந்தன. கடைசி நாட்களில் ஓட்டையால் பார்த்தால், இரண்டு கையாலும் கயிற்றைச் சும்மா பிடித்தபடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய்.

நாற்பதாம் நாள் கல்லைத் திருப்பித் தந்தபோது பரிசாரியார் ஒரு நிபந்தனை போட்டார். "கயிறு இஞ்ச கிடக்கட்டும், எரிக்கிறது என்ர வேலை. அது வேற பாஷை படிச்சிட்டுது. புதுக்கயிறு திரிச்சு, முதல் இவரை முழங்கால் தண்ணியில நிப்பாட்டி, இவர் அசைக்க அசைக்க நீங்கள் இழுக்கவேணும். பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி. மறந்திடாதேங்கோ." நான் ஓம் என்றேன். என்றுவிட்டு, கல் வைத்த சாக்குக்குள் கயிற்றைச் சுருட்டி ஒளித்துக்கொண்டு வந்தேன். ஒரு மனுஷனை உயிரோடு மேலே கொண்டுவந்த கயிற்றை அந்நிய மண்ணில் விட்டுவிட்டு வருகிற கயிறுகாரன் நம் கரையில் உண்டா? புதுக்கயிறை நம்ப ஒரு பருவம் வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. வயற்காட்டுப் பெரியவருக்குக் கயிற்றைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். முழங்கால் தண்ணீரில் உன்னை நிறுத்தி இழுத்தால் கரை முழுக்கச் சிரிக்கும் என்றும் நினைத்தேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் உன்னைக் கொன்றேனோ தெரியாது.

நீ சுகமாகத்தான் வந்தாய். துண்டைக் கொண்டுபோய் அப்போதிக்கரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தாய். கன்னத்தில் சதை வைத்தது, பசி வந்தது, தங்கச்சி பாட்டுப் பாடிக்கொண்டு மீன் வெட்டினாள். அந்த ஆறு மாதம் அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. ஆனால் சங்கு குளிப்பில் அதே பழைய கயிற்றில் உன் அசைப்பு மெலிந்து வந்தது. வெட்டு இல்லை, குஞ்சு மீன் கொத்துவது போல ஒரு சின்ன நோண்டல். "என்னடா, அசைக்கிறதுக்கும் கூலி கேக்கிறியோ?" என்றேன் ஒருநாள். தலைமயிரைப் பிழிந்துகொண்டு சிரித்தாய். "அசைச்சா ஆர் வாறது மச்சான்?" என்றாய். பகிடி என்று நானும் சிரித்தேன். இப்போது அந்த வார்த்தை எனக்குப் பகிடியாகக் கேட்பதில்லை.

நெடுங்காலம் மூடிக் கிடந்த முத்துக் குளிக்கிற சலாபத்தை அந்தப் பங்குனியில் அரசாங்கம் திறந்தது. சிலாவத்துறைப் பக்கம் கடற்கரை முழுக்கக் கொட்டில். தங்கச்சியும் வந்து நமக்குச் சமைத்தாள். இரண்டாம் கிழமை, வெயில் ஏறின நேரம், அன்றைய ஆறாவது முழுக்கு. நீ கல்லில் கால் வைத்து மூச்சை இழுத்து இறங்கினாய். நான் மந்திரத்தைத் தொடங்கினேன். நாலு முடிந்தது. கயிறு அசையவில்லை. அபின் விட்ட நெஞ்சு, இன்னும் கொஞ்சம் நிற்கிறான் என்று நினைத்தேன். மச்சான், கேள், நான் பெருமைப்பட்டேன். ஐந்து. பக்கத்து வள்ளத்துக் கயிறுகாரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆறு. கயிறு கையில் உயிரோடுதான் இருந்தது. விறைப்பாக, அடியில் ஆள் பிடித்திருக்கிற பாரத்தோடு. அசையாவிட்டால் இழுக்காதே என்ற சட்டமும், நாற்பது நாள் எழாமல் இருந்த கையும் சேர்ந்து என்னை உட்கார்த்தி வைத்தன. ஏழாவதின் பாதியில் கத்திக்கொண்டு இழுத்தேன்.

உன் கால் எதிலும் சிக்கவில்லை. கை எந்த இடுக்கிலும் மாட்டவில்லை. பை நிறையச் சிப்பி. முகத்தில் ஒரு போராட்டமும் இல்லை. இரண்டு கையும் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்தன. சும்மா பிடித்திருந்தன, அந்தக் குடிலில் பிடித்திருந்தது போல. விரல்களைப் பிரிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

கரையில் தங்கச்சி உன் மேல் விழுந்து அழவில்லை. கயிறுகாரனின் தங்கச்சி அல்லவா, எழுந்து என் முன்னால் வந்து நின்று, கேட்க வேண்டிய ஒன்றையே கேட்டாள்.

"அண்ணை, அவர் கயிறு அசைச்சவரோ?"

அவளுடைய கையைப் பார்த்தேன். வயலில் வெடித்த வெடிப்பு இன்னும் ஆறியிருக்கவில்லை. இல்லை என்று சொன்னால், ஏன் அசைக்கவில்லை என்று இன்றோ நாளையோ யோசிப்பாள். யோசித்தால் குடில் வரைக்கும் போவாள். கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று உனக்குப் படிப்பித்த அந்த நாற்பது நாளுக்கு, சேற்றில் நின்று கூலி கொடுத்தது தான்தான் என்று அறிவாள்.

"ஓம்" என்றேன். "அசைச்சவன். எனக்குத்தான் கை பிந்திப்போச்சு."

மண்ணை அள்ளி என் முகத்தில் எறிந்தாள். "இனி என்ர வாசல் மிதிக்காதே" என்றாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது. அசைப்பைத் தவறவிட்ட கயிறுகாரன் என்று பெயர் பரவியது. அதற்குப் பிறகு எந்தக் குளிகாரனும் என் கையில் கயிறு தரவில்லை. தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை தூக்கினேன், கிழிந்த வலை பொத்தினேன், வயது போய்விட்டது. கயிற்றை எரிக்க இரண்டு தரம் முற்றத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டு தரமும் அது கையில் மெல்ல நோண்டியது. நீயா அதுவா என்று தெரியாமல் எப்படி எரிப்பது? முகட்டிலேயே வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: அது நோண்டுகிற நாட்களில் நான் எழுந்துபோய் ஒருமுறை இழுத்துவிட்டு வருகிறேன்.

சுவாமியிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. சொன்னால் பொய்யை விட்டுவிடச் சொல்லுவார்கள். இது ஒன்றுதான் நான் அவளுக்குக் கொடுத்தது. நான் செய்ததற்கு அது ஈடாகாது என்றும் தெரியும். அவளைப் பொறுத்தவரை புருஷன் அபினை வென்று வந்தவன், கடைசி மூச்சில் அவளிடம் வரத்தான் கயிற்றை அசைத்தவன். கெட்டவன் நான் ஒருவன். அந்தக் கணக்கில் அவள் இத்தனை வருஷம் நிம்மதியாகச் செபம் சொல்லித் தூங்கியிருக்கிறாள்.

இப்போது அவள் வருகிறாள், மச்சான். வந்ததும் உன் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். அவளிடம் உனக்குப் பொய் சொல்ல வராது, அபின் தின்ற முதல் நாளே நீயாக ஒப்புக்கொண்டவன் நீ. அந்த இடத்தில் பொய் சொல்லலாமோ என்றும் எனக்குத் தெரியாது. இருந்தாலும் கேட்கிறேன். அசைத்தேன் என்று சொல்லு. நாலாவது மந்திரத்திலேயே நல்லாக அசைத்தேன், உன்ர அண்ணன்தான் இழுக்கவில்லை என்று சொல்லு.